போளூரின் குரலில் பேசிய எம்.எல்.ஏ.

1977ஆம் ஆண்டு ஆடி மாதம், எங்கள் மலைத் தொகுதியின் புதிய எம்.எல்.ஏ. குமாரவேல் சட்டசபையில் முதல்முறையாகப் பேச எழுந்தபோது அவர் வாயிலிருந்து மலைக் கிராமமான போளூரைச் சேர்ந்த புஷ்பமேரியின் குரல் வந்தது. அந்த வருஷம் மலைப்பூண்டுக்கு நல்ல விலை, உருளைக்கிழங்குதான் படுத்துவிட்டது. கட்சித் தலைவரைப் புகழ்ந்து பேசுவதற்காக குமாரவேல் இரண்டு நாள் மனப்பாடம் செய்திருந்தார் பாவம். வாயைத் திறந்ததும் வந்ததோ வேறு: "ஐயா, எங்க ஊருக்கு ரோடு போட்டுக் குடுங்க. எம் மக லீமா முழுகாம இருக்கா. போன தடவை டோலி கட்டித் தூக்கிட்டுப் போறப்ப பாதி மலையிலேயே பிள்ளை தவறிப் போச்சு. இந்தத் தடவையாவது ஜீப்புல போகணும்ங்க." சபையில் சிரித்தார்கள். குமாரவேல் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். செண்பகனூரில் அந்தோணியார் கெபிக்கு, அதாவது கல்குகை போல் கட்டிய சின்னக் கோயிலுக்கு, முன்னால் விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிப் போடுவார்கள். போளூர்க்காரர்கள் செவ்வாய்க்கிழமை பூண்டு மூட்டையோடு வந்து, பெட்டியின் வாயில் வாயை வைத்துக் குசுகுசுவென்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்துக்களும் அப்படித்தான். அந்தத் தேர்தலில் போளூருக்கு முதன்முதலாக ஓட்டுச்சாவடி வந்தது. இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் சனங்கள் பழக்கதோஷத்தில் சீட்டைப் போட்டு, குனிந்து, வேண்டுதலையும் சொன்னார்கள். பெட்டியோடு பேசக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லாததால் அதிகாரியும் விட்டுவிட்டார். ஊர் முழுக்க ஒரே வேண்டுதல்தான், ரோடு. குமாரவேல் ஓட்டுக் கேட்கக்கூட அந்த ஊருக்கு ஏறி வந்ததில்லை, சுவரொட்டிதான் வந்தது. ஆகவே அவருடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று போளூரில் ஒருவருக்கும் தெரியாது.

செய்தி மலைக்கு வந்ததும், ரோடு உள்ள செண்பகனூரே இரண்டுபட்டது. எம்.எல்.ஏ. என்பவர் நமக்காகப் பேசுகிறவரா, நம்மைப் பேசவிடாமல் செய்கிறவரா என்று டவுன் பஸ்ஸில் சண்டை, மார்க்கெட்டில் சண்டை, பூசை முடிந்து கோயில் வாசலிலும் சண்டை. கன்னிவாடியிலிருந்து காய்கறி ஏற்ற வந்த லாரிக்காரர்கள்கூட லோடை மறந்து நின்றார்கள். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஜெபதுரை, ஜெயித்தவன் எவனும் ஜனங்களுக்காகப் பேசுகிற ஆள் இல்லை என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்தவர். அவருக்குத்தான் பெரிய சங்கடம். "நாம சொன்னதையே திருப்பிச் சொல்ல ஒரு எம்.எல்.ஏ. எதுக்கு? டேப் ரிக்கார்டர் போதுமே" என்றார். டீக்கடை உபகாரம் பாலை ஆற்றிக்கொண்டே, "இம்புட்டு வருசமா அந்த டேப் ரிக்கார்டர்கூட நமக்குக் கெடைக்கலையேங்க சார்" என்றார். வாத்தியார் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

குமாரவேல் சென்னையில் பார்க்காத டாக்டர் இல்லை. மிளகுப்பால், கற்கண்டு, தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்ப்பது, எல்லாம் ஆயிற்று. வீட்டில் காப்பி கேட்டால் போளூர்ப் பூண்டு விவசாயி ராமரின் கட்டைக் குரல் வந்தது. அவர் மனைவி சுந்தராம்பாள் அன்னிய ஆம்பிளை என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு டம்ளரை எட்ட வைத்தாள். கட்சியில் கூப்பிட்டு, இனிமேல் சபையில் வாயைத் திறக்காதே என்று கண்டித்தார்கள். அவரும் திறக்கவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது, லீமாவுக்கு மாசம் நிறைந்துகொண்டிருந்தது, ரோடு மட்டும் வரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் சபையில் வேறொரு உறுப்பினர் மலைச்சாலைகளைப் பற்றிக் கேட்க, மந்திரி எழுந்து, "பரிசீலனையில் இருக்கிறது" என்றார். அதே நேரத்தில் இங்கே லீமாவை டோலியில் தூக்கிக்கொண்டு நாலு பேர் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வலி கண்டுவிட்டது. அங்கே குமாரவேல் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அம்மா!" என்று லீமாவின் அலறல் அவர் வாயிலிருந்து கிளம்பி மண்டபத்தையே உலுக்கிவிட்டது. சபாநாயகர் மணியடித்தார், யாருக்கும் கேட்கவில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் எழுந்து நின்றுவிட்டது. நாலு பிள்ளை பெற்ற ஒரு பெண் உறுப்பினர் ஓடிப்போய்க் குமாரவேலின் கையைப் பிடித்து, "பயப்படாத தாயி, மூச்சை இழுத்துப் பிடி, முக்கு!" என்றார். யாரோ தெரியாத பொம்பளை தன் காதுக்குள் சொன்னாள், அதைக் கேட்டுத்தான் தைரியம் வந்தது என்று லீமா பிற்பாடு சொன்னாள். என்ன ஒரு தவிப்பு! கடைசியில் குமாரவேலின் வாயிலிருந்து பச்சைப் பிள்ளையின் அழுகை வந்தது. மேசைகளைத் தட்டிய தட்டில் மைக்குகள் விழுந்தன. மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே ரோட்டுக்கு உத்தரவு போட்டார். இருபத்தைந்து வயசு ஆகாத பச்சைப் பிள்ளை சபையில் குரல் கொடுத்தது விதிமீறல் என்று ஒருவர் ஆட்சேபம் எழுப்பினார். தாயோடு வந்ததால் செல்லும் என்று சபாநாயகர் தீர்ப்புச் சொன்னார்.

பேத்திக்குச் சகாயராணி என்று புஷ்பமேரி பேர் வைத்தாள். குமாரவேல் மலையேறி வந்து பிள்ளையைப் பார்த்தார். அவரும் புஷ்பமேரியும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்ததால், வெளியே நின்றவர்கள் அவள் தனியாகப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். எழுபத்தொன்பது வைகாசியில் ரோடு போளூரைத் தொட்டது. அன்று காலையே குரல்கள் எல்லாம் அவரை விட்டுப் போய்விட்டன. கேட்டது கிடைத்த பிறகு அவற்றுக்கு அங்கே என்ன சோலி?

திறப்பு விழாவுக்கு முதல் ஜீப்பில் வந்து இறங்கிய குமாரவேல், மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, தாய்மார்களே" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவருடைய சொந்தக் குரல், கொஞ்சம் மெல்லிசான குரல். கூட்டம் திருதிருவென்று விழித்தது. கூட்டத்திலிருந்து போளூர்க்காரி சின்னத்தாயி எழுந்து, "ஏலே, யாருலே இது? எங்க எம்.எல்.ஏ.வப் பேசச் சொல்லுங்கப்பா, வெரசா!" என்று கத்தினாள். எல்லோரும் அதையே கத்தினார்கள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற புஷ்பமேரியைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். அவள் கூச்சத்தோடு, "ரோடு வந்துருச்சுங்க. அடுத்து ஆஸ்பத்திரி வேணும்ங்க" என்றாள். இதுதான் நம்ம எம்.எல்.ஏ. என்று போளூரே ஆர்ப்பரித்தது. மாலையை அவளுக்குப் போட்டார்கள். குமாரவேல் மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்தோடு நின்று கைதட்டினார்.