அடிக்காத ஓரம்

மறுநாள் காலையில் மகளுக்கு விமானம். பெட்டியெல்லாம் பூட்டியாயிற்று, போர்வை ஒன்றுதான் பாக்கி. அதைக் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் போட்டாள்.

"ஓரம் அடிச்சுக் கொடும்மா. ஹாஸ்டல் வாஷிங் மெஷின்ல போட்டா மொத்தமும் பிரிஞ்சுடும்."

அம்மா தையல்காரி. ஊரார் துணிக்கெல்லாம் ஓரம் அடித்துக் கொடுப்பவள் வீட்டில், இத்தனை வருஷமாக ஒரு போர்வை மட்டும் ஒரு பக்கம் நூல் பிரிந்து தொங்கியது. எல்லாம் அவள் கட்டிக்கொண்ட அந்த மனுஷன் பண்ணின வேலை. கல்லூரியில் தத்துவ வாத்தியார். மணி அடித்தாலும் பாடத்தை முடிக்கமாட்டார் என்பதால் 'முடிவிலி சார்' என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். மகள் பிறந்தபோது இவள் ஒரு சின்னப் போர்வை தைத்தாள். கடைசிப் பக்கத்தை மடிக்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பக்கத்தை விட்டுடு. இது அபெய்ரோன்."

"அப்படின்னா?"

"கிரேக்க வார்த்தை. எல்லையே இல்லாததுன்னு அர்த்தம். எல்லாம் அதுலேர்ந்துதான் வந்துச்சு, அதுக்கேதான் திரும்பிப் போகும்னு அந்தக் காலத்துலயே ஒருத்தர் சொல்லியிருக்கார்."

"எல்லையே இல்லாததுக்கு நூல் யாரு வாங்கித் தருவா?"

அவரே வாங்கித் தந்தார். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு துண்டுத் துணியும் கூட. ஒரு வருஷம் திரைச்சீலைத் துணி, இன்னொரு வருஷம் ஊசிக்கு அடங்காமல் வழுக்கும் வெல்வெட். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வாங்கினீர்கள் என்று திட்டிக்கொண்டே இவள் அந்தப் பக்கத்தோடு சேர்த்துத் தைப்பாள்; போர்வை வருஷா வருஷம் நீளும். வருகிற வாடிக்கையாளர்கள் அந்தப் பிசிறைப் பார்க்கும்போது மானம் போகும். "நீங்க வெளியே போற நேரமாப் பார்த்து அடிச்சுடறேனா இல்லையா பாருங்க" என்று மிரட்டுவாள். அவர் சிரிப்பார். என்ன அழகான சண்டை அது! போன வருஷம் ஒரேயடியாகப் போய்விட்டார்.

இப்போது தடுக்க ஆளில்லை. துணியை மடித்து ஊசிக்கடியில் வைத்தும் கால் மிதிக்க மறுத்தது.

"என்னம்மா?"

"அவர் இருந்திருந்தா சண்டை போட்டாவது அடிச்சிருப்பேன்டி. இப்ப யாருகிட்டப் போய்ச் சண்டை போட?"

மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அடிச்சுடும்மா. அடுத்த பிறந்தநாளுக்கு நான் துணி வாங்கிட்டு வரேன். பிரிச்சுட்டுச் சேர்த்துக்கலாம்."

"நீயும் உங்கப்பா மாதிரிதானே வாங்குவே."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெஷினில் இருந்த திருகைப் பெரிய தையலுக்குத் திருப்பினாள். அளவு பார்க்கத் தற்காலிகமாகப் போடுகிற தையல், இழுத்தால் வந்துவிடும். வேறு யார் துணியிலும் அதைப் போட்டு வெளியே அனுப்பியதில்லை.

"இவ்வளவு பெரிசாப் போடறியே, தாங்குமா?"

"ஒரு வருஷம் தாங்கும். அதுக்குள்ள வந்துடு."

மகள் வாசற்படி வரை நீண்டு கிடந்த போர்வையை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். மெஷின் ஓடத் தொடங்கியது. துணி ஊசிக்கடியில் நகர நகர, அவளும் உட்கார்ந்தபடியே கூடவே நகர்ந்துகொண்டிருந்தாள்.