தயாளன் ஏன் தண்ணீரைத் துப்பினார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நீல வாளியிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு குத்துச்சண்டை சாம்பியனின் வாழ்க்கையைக் கேட்டு எழுதப் போனேன். அங்கே வாளியைப் பார்த்தேன். அதன் பிறகு வேறு எதையும் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாம்பியனின் பெயர் தயாளன். (பழைய பத்திரிகைகளில் தேடாதீர்கள். பெயரும் பட்டமும் நான் வைத்தவை.) எழுபதுகளில் லைட்வெயிட் பிரிவில் நாட்டிலேயே முதல் ஆள். இப்போது பினாங்கில், ஜெலுத்தோங் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகள் நிரோஷாவோடு இருக்கிறார். வயதும் வாங்கிய குத்துகளும் சேர்ந்து நினைவை அரித்துவிட்டன. மகளைச் சில நாள் ‘பிள்ளை’ என்கிறார், சில நாள் நர்ஸ் என்று நினைத்து ‘மிஸ்ஸி’ என்கிறார்.

எங்கள் வட்டார விளையாட்டுச் சங்கம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தது. அவருடைய வாழ்க்கை, அவர் அடுத்த தலைமுறைக்குத் தந்தது என்ன, இப்படி. கேள்விகளோடு போய் உட்கார்ந்தேன். நிரோஷா தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அண்ணே, நீங்க ஹிஸ்டரி கேக்க வந்திருக்கீங்க. எனக்கு இப்ப தண்ணியத் தவிர வேற ஒண்ணும் தெரியாதுலா.”

சிக்கல் இதுதான். தயாளன் சோறு சாப்பிடுவார். ரசத்தைக் கரண்டியால் உறிஞ்சுவார். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் பரிசோதித்துச் சொல்லிவிட்டார். ஆனால் தண்ணீர் கொடுத்தால் மட்டும் வாயில் வாங்கி, இரண்டு கன்னத்திலும் குலுக்கி, வாளியில் துப்பிவிடுகிறார். துப்பியதும் வாயை அகலமாகத் திறந்துகொண்டு காத்திருக்கிறார், இன்னும் கொடு என்பது போல. கொடுத்தால் அதையும் துப்புகிறார்.

வேண்டாம் என்றால் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? வேண்டும் என்றால் ஏன் துப்ப வேண்டும்?

போன மாதம் உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கையில் ஏற்றிய ஊசியைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி ஏற்றினார்கள், மறுபடி பிடுங்கினார்.

“அப்புறம் ரெண்டு கையையும் துணியால கட்டில்ல கட்டிட்டாங்கண்ணே,” என்றாள் நிரோஷா. “அந்தக் கைய.”

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தப் பரிசோதனை. அளவு சரியாக இல்லாவிட்டால் மறுபடி வார்டு, மறுபடி துணி.

கதையில் பணயம் என்ன என்று ஓர் எழுத்தாளன் தேட வேண்டும் என்பார்கள். நான் தேட வேண்டியிருக்கவில்லை.

2

ஆனாலும் சாம்பியன் கதை எழுதத்தானே சொன்னார்கள். தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் அ: அரங்கின் விளக்குகள் எரிந்தன. கூட்டம் எழுந்து நின்றது. தயாளன் கயிறுகளுக்கிடையே குனிந்து நுழைந்தபோது—

வேண்டாம். குத்துச்சண்டைக் கதை என்றாலே யாராவது விளக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

தொடக்கம் ஆ: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்த கந்தப்புவுக்கு, மகன் தயாளனும் பேனா பிடிக்க வேண்டும் என்று ஆசை. மகன் உதடு வீங்கி வந்தபோதெல்லாம் ‘சைக்கிளில் இருந்து விழுந்திட்டான்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தார். மகன் பட்டம் வென்றதும் அதே அக்கம்பக்கத்தில், ‘இடது கையை நான்தான் பழக்கினனான்’ என்று—

இது எனக்குப் பிடித்திருக்கிறது. விட்டுவைக்கிறேன். ஆனால் இதில் தண்ணீர் இல்லை.

தொடக்கம் இ: நீங்கள் மேலே படித்தது.

[இங்கே ஒரு குறிப்பு. எனக்கு எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது. எனவே நிரோஷாவின் ஏற்பாட்டைப் பார்த்தபடியே விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு அவர் தானாகவே குவளையில் குடித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கிச் சிந்தத் தொடங்கியதும், அழுத்தினால் நீர் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கினாள். சாய்ந்து குடித்தால் புரையேறும் என்று நர்ஸ் சொன்னதால் முதுகில்லாத முக்காலி. முக்காலியிலிருந்து சரிந்துவிடக் கூடாது என்பதால் அதைக் கூடத்தின் மூலையில், இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் போட்டாள். துப்ப ஆரம்பித்த பிறகு வாளி. வாயைத் துடைக்கத் தோளில் ஒரு துண்டு. அவர் எதிரே குனிந்து நின்று பாட்டிலை நீட்டுவாள். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. உங்களில் சிலர் இப்போதே கண்டுபிடித்திருக்கலாம். நான் கண்டுபிடிக்கவில்லை.]

3

அடுத்து மீரா சாகிப். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. தயாளனின் சண்டைகளிலெல்லாம் மேடை மூலையில் நின்று அவரைக் கவனித்துக்கொண்டவர். முதல் வரைவில் அவருக்கு ஒரு நாசி கண்டார் கடை கொடுத்து, குழம்புக் கரண்டியோடு பேசவிட்டேன். அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

“என்ன தம்பி, எனக்குச் சோத்துக் கடை வச்சுக் குடுத்திருக்கீங்க?”

“எழுதும்போது வந்துடுச்சு மாமா.”

“பினாங்குல நம்ம ஆளுன்னா குழம்பு ஊத்தியே ஆகணுமா? நாப்பது வருசம் மூக்குக்கண்ணாடி வித்தவன் நான். இப்ப உங்க மூக்குல இருக்கிறது யார் போட்டது?”

அவர் போட்டதுதான். கழற்றித் துடைத்துக்கொண்டு, வரைவிலிருந்து கடையை அடித்துவிட்டேன்.

அவரிடம் சண்டைகளைப் பற்றிக் கேட்கவில்லை. சண்டைகளைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். மூன்று நிமிடம் அடித்துக்கொள்கிறார்கள், மணி அடிக்கிறது, ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் என்னதான் நடக்கிறது? அதைக் கேட்டேன்.

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதை யாரும் கேட்டதில்லலா! மொதல்ல முக்காலி. மணி அடிச்ச உடனே அவன் உக்கார்ற எடத்துல அது இருக்கணும். ஒரு தடவ ஈப்போவுல லேட்டாப் போட்டேன். சாம்பியன் தரையில உக்காந்துட்டான். அடுத்த ரவுண்டு முழுக்க எதிராளிய விட்டுட்டு என்னையே மொறைக்கிறான்!”

அப்படியே ஒரு நிமிடத்தையும் எழுந்து நடித்துக் காட்டினார். அவருடைய மனைவி ஹமீதா உள்ளிருந்து, “மெதுவா, இடுப்பு போயிரும். தூக்கி உக்கார வைக்க இப்ப மூலையில நான்தான் நிக்கணும்,” என்றார்.

வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் எழுதினேன். மலருக்கான கட்டுரையில் நான் திருப்தியோடு எழுதிய ஒரே பகுதி அதுதான்.

4

புதன்கிழமை பிற்பகல் அதை நிரோஷாவிடம் வாசித்தேன். ஒப்புதல் வாங்கத்தான் போனேன். அவளுக்குக் கேட்க நேரமில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேளை.

“வாசிங்கண்ணே, காது இங்கதான் இருக்கு,” என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அவள் எந்தச் சண்டையையும் பார்த்ததில்லை. பெண்பிள்ளை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று தயாளன் தடை போட்டிருந்தார். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் கையுறையைக் கழற்றிவிட்டிருந்தார். சண்டையைப் பற்றிய பேச்சையும் அதோடு நிறுத்திக்கொண்டார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அலமாரியில் இருக்கும் பரிசுக் கோப்பை மட்டும்.

நான் வாசித்தேன்:

“மணி அடிக்கிறது. மூலையில் முக்காலி விழுகிறது. அவர் உட்காருகிறார். தோளில் துண்டோடு மீரா சாகிப் எதிரே குனிகிறார். பற்களைக் காக்கும் ரப்பர் கவசத்தை வாயிலிருந்து எடுக்கிறார். பாட்டிலை அழுத்தி வாயில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். அதை விழுங்கக் கூடாது. வயிற்றில் தண்ணீர் இருக்கும்போது அங்கே குத்து விழுந்தால் தாங்காது என்று அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். உலர்ந்த வாயைக் கொப்பளித்து வாளியில் துப்ப வேண்டும். துப்பியதும் வாயை அகலமாகத் திறக்க வேண்டும். கழுவிய கவசத்தை மறுபடி உள்ளே—”

“அண்ணே, நிறுத்துங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். தயாளன் அப்போதுதான் துப்பியிருந்தார். வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். நிரோஷா பாட்டிலைப் பிடித்தபடி, தோளில் துண்டோடு, குனிந்த நிலையிலேயே இருந்தாள்.

“கடைசி வரிய திரும்ப வாசிங்க.”

வாசித்தேன்.

அவள் முக்காலியைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தாள். பிறகு அப்பாவின் திறந்த வாயைப் பார்த்தாள்.

“என்மேல கோவம்னு நெனச்சேன்,” என்றாள். “முந்தாநேத்து கத்திட்டேன். ஏம்ப்பா என்னை இப்படிப் படுத்துறீங்கன்னு... அவரு ரவுண்டுக்கு ரெடியாயிட்டு இருந்திருக்காரு.”

(இங்கே அவள் அழுததாக ஒரு வாக்கியம் எழுதினேன். அவள் அழவில்லை. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.)

5

நிரோஷா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள், இப்போது அப்பாவுக்காக விடுப்பு. கோளாறு எங்கே என்று தெரிந்ததும் நான் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கி வெளியே வைக்கப் போனேன். தடுத்தாள்.

“ஒண்ணொண்ணா மாத்தணும்ணே. மொத்தமா மாத்தினா எது வேல செஞ்சிச்சுன்னு தெரியாது. நாளைக்கு நான் வேலைக்குப் போனா, பாத்துக்க வர்ற ஆளுக்கு எதைச் சொல்லிக் குடுக்கறது?”

முதலில் வாளியை மட்டும் எடுத்தாள். தயாளன் கொப்பளித்தார், வாளியைத் தேடினார், இல்லை என்றதும் தரையில் துப்பினார்.

“சரி. காரணம் வாளி இல்ல,” என்றாள்.

அடுத்து தோளில் இருந்த துண்டை எடுத்தாள், அப்போதும் துப்பினார். பிறகு பாட்டிலுக்குப் பதில் குவளை. இந்த முறை அவர் கொஞ்சம் யோசித்தார். கன்னத்தில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு துப்பினார்.

அவளுக்கு மதியச் சாப்பாடு ஞாபகம் வந்தது. ரசம் உள்ளே போகிறதே, அது எங்கே? சாப்பாட்டு மேசையில். அப்போது அவள் எங்கே? பக்கத்து நாற்காலியில், தானும் சாப்பிட்டுக்கொண்டு.

அப்பாவை மெல்ல எழுப்பி, மேசைக்கு நடத்திப்போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தாள். கனமான, கைப்பிடி உள்ள இரண்டு குவளைகளில் பாதிவரை தண்ணீர் ஊற்றினாள். ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்தபடி உட்கார்ந்தாள். முதலில் அவள் குடித்தாள்.

தயாளன் தன் குவளையைப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்தார். அந்தக் கைகள் நடுங்கின. பாதிக் குவளை என்பதால் சிந்தவில்லை. வாயில் வைத்தார். கன்னம் குலுங்கவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

நாங்கள் இருவரும் அந்தத் தொண்டையைப் பார்த்ததைப் போல, அந்தக் காலத்து ரசிகர்கள் அவருடைய இடது கையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

6

இனி முடிவு வேண்டும். என்னிடம் சில இருக்கின்றன.

முடிவு அ: குடித்து முடித்த தயாளன் மகள் பக்கம் திரும்பி, “ஆர் வெண்டது?” என்று கேட்கிறார். “நீங்கதாம்பா ஜெயிச்சீங்க” என்கிறாள் அவள்.

முடிவு ஆ: அதே கேள்வி. ஆனால் மீரா சாகிப் அங்கே இருக்கிறார். “பாயிண்ட்ல தோத்துட்டோம் தயா, நீ குடி” என்கிறார். தயாளன் சிரிக்கிறார்.

முடிவு இ: தயாளன் குவளையை வைத்துவிட்டு, “மிஸ்ஸி, இன்னும் கொஞ்சம்” என்கிறார்.

இவற்றில் ஒன்றுதான் நடந்தது. எது என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் எதை எடுத்துக்கொண்டாலும் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

மலர்க்காரர்கள், “அவர் விட்டுச்செல்வது என்ன என்ற பகுதி எங்கே?” என்று கேட்கிறார்கள். கோப்பையை எழுதலாம். அவரைப் பார்த்துக் கையுறை மாட்டியவர்களை எழுதலாம். எனக்கு எழுதத் தோன்றுவது வேறு. ஊர், ஆண்டு, எதிராளி, மகளின் பெயர் எல்லாம் போன பிறகும், மூலையில் தனக்காக ஒருவர் நிற்கிறார் என்பதை மட்டும் அந்த உடம்பு மறக்கவில்லை. அங்கே வரவே கூடாது என்று அவர் தடுத்த பெண்தான் கடைசியில் அங்கே நின்றாள். இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை—

வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நான் இதை வியாழக்கிழமை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளையை இன்றைக்கே எழுதுவது என் தொழிலில் சுலபம், அதனால்தான் செய்யவில்லை. இன்று காலையிலிருந்து நீல வாளியில் துணி ஊறுகிறது. பார்த்துக்கொள்ள வரப்போகும் பெண்ணுக்காக நிரோஷா சொல்லச் சொல்ல நான் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளது இவ்வளவுதான்:

மூலையில் உட்கார வைக்க வேண்டாம். மேசைக்கு அழைத்து வாருங்கள். பாட்டில் வேண்டாம், கைப்பிடி உள்ள குவளையில் பாதி ஊற்றுங்கள். எதிரே நிற்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் நீங்கள் குடியுங்கள். அவர் குடிப்பார்.