பத்துக் கண்ணிச் சங்கிலி

ஊர் வம்பு எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். பெத்தினா துறையில் படகுச் சாமான் கடை வைத்திருப்பவளுக்கு, எந்தப் படகில் என்ன உடைந்தது என்பதோடு எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தானாக வந்து சேரும். படகுக்கார ரோக்கோவின் சபதமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் காபிக் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்: "என்னைக்கு என் பெண்சாதி பெர்காவால நங்கூரத்தை இழுக்க முடியலையோ, அன்னைக்கே படகை வித்துடுவேன்." வாங்கிக்கொள்ள ஒரு ஜெர்மன்காரர் காத்திருக்கிறார் என்றும் கேள்வி.

அடுத்த வாரமே புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டுக்கொண்டே என் கடைக்குள் நுழைந்தார்கள்.

"டானிட்சா, கரண்டுல ஓடற நங்கூர வின்ச் ஒண்ணு சொல்லு. பழசு போச்சு. பிடியை ஆட்டினா அது பாட்டுக்கு ஆடுது, சங்கிலி அசைய மாட்டேங்குது" என்றார் ரோக்கோ.

"கரண்டாவது கத்திரிக்காயாவது! பழசு மாதிரியே கையால இழுக்கறது குடும்மா. முப்பத்தோரு வருஷம் இழுத்த கை இது" என்றார் பெர்கா.

அவர்கள் பாய்மரப் படகு லாஸ்தாவைத் தெரியாதவர் எங்கள் துறையில் இல்லை. பின்னால் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ரோக்கோ நிற்பார். முன்னால் அணியத்தில் பெர்கா குனிந்து, வின்ச்சின் பிடியை முன்னும் பின்னும் தள்ளி, நாற்பது மீட்டர் சங்கிலியை இழுப்பார். பாதி இழுக்கும்போதே பின்னாலிருந்து சத்தம் வரும்: "அங்க என்ன தூங்கறியா?" துறையில் யார் சுணங்கினாலும் நாங்கள் இதைச் சொல்லித்தான் கிண்டல் செய்வோம்.

நான் விலைப்பட்டியலை விரித்தேன். நிற்கிற மாதிரி வின்ச் பார்க்க அழகு, ஆனால் சங்கிலி விழ ஆழமான அறை வேண்டும். லாஸ்தாவில் அது முழங்கால் ஆழம்கூட இல்லை, சங்கிலி குவிந்து சிக்கிக்கொள்ளும். ஆகவே படுக்கை வாட்டில் இருப்பதுதான் சரி. கரண்டு என்றால் பின்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து முன்னால்வரை கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர் இழுக்க வேண்டும்.

"எதுவா இருந்தாலும் சங்கிலிக் கண்ணி வின்ச் சக்கரத்துப் பள்ளத்துல சரியா உட்காரணும் அண்ணே. பத்துக் கண்ணியை வெட்டி எடுத்துட்டு வாங்க, அளந்து பார்க்கணும். பழைய வின்ச்சையும் கொண்டாங்க."

ரோக்கோ வின்ச்சை மட்டும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். சங்கிலியை வெட்ட மனசு வரவில்லையாம்.

அவர் போனதும் கழற்றிப் பார்த்தேன். பல்சக்கரத்தில் ஒரு பல்லும் போகவில்லை. பின்னே ஏன் ஓடவில்லை? தண்டையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற பித்தளை ஆப்பு, விரல்நுனி நீளம்தான் இருக்கும், அதைக் காணோம். உடைந்திருந்தால் துண்டு கிடக்கும். அது உட்காரும் பள்ளமோ துடைத்து, புதுக் கிரீஸ் தடவிச் சுத்தமாக இருந்தது. யாரோ பக்குவமாக எடுத்திருக்கிறார்கள்!

எனக்குக் காபி இறங்கவில்லை. யார் எடுத்தது? கரண்டு வின்ச் கேட்பவர் ரோக்கோ. ஆதாயம் யாருக்கோ அவர்தானே திருடர்? மறுநாள் அவர் வந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஆப்பா? என்ன ஆப்பு?" என்று சிலுவை போட்டுக்கொண்டார். "நான் அந்தப் பக்கமே போனதில்லை. அது அவ சொத்து. சரி அதை விடு. நான் தோத்துட்டேன் டானிட்சா. கையால இழுக்கறதையே வரவழை. அவ இவ்வளவு ஆசைப்படறா, நான் ஏன் குறுக்க நிக்கணும்?"

மனிதர் நல்லவர்தான் என்று நினைத்துக்கொண்டு, நல்ல சேதி சொல்ல பெர்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் சமையலறையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டதும் முகம் வெளிறிப்போயிற்று.

"ஒத்துக்கிட்டாரா? அந்த மனுஷன் என்கிட்ட ஒரு நாளும் எதையும் ஒத்துக்கிட்டதில்லையே! அதை நம்பித்தானே நான் எதிர்வாதம் பண்ணினேன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆப்பு உங்ககிட்டயா அக்கா இருக்கு?"

அலமாரி மேல் சர்க்கரை டப்பாவைக் காட்டினார், எட்டி எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். சர்க்கரைக்குள் ஒரு கைக்குட்டை, அதற்குள் பித்தளைத் துண்டு.

"தலைவாரக்கூட இந்தத் தோள் தூக்க மாட்டேங்குது. முடியலைன்னு சொன்னா படகு போயிடும். கெட்டுப்போனது மெஷினா இருந்தா படகு எங்ககிட்டயே நிக்குமே. நான் வேணாம்பேன், அவர் பிடிவாதமா கரண்டுதான் வாங்குவார்னு பார்த்தேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்தார். "எனக்கு அந்தப் படகை விட்டா என்ன இருக்கு, சொல்லு?"

ஆப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "அது கிடக்கட்டும் அக்கா. பலம் வேண்டியது முன்னால. பின்னால சக்கரத்தைத் திருப்ப ரெண்டு விரல் போதும். நீங்க ஏன் முன்னால நிக்கறீங்க?"

பெர்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "தெரியலையே" என்றார்.

சாயங்காலம் இருவரும் கடைக்கு வந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் பெர்கா ஆப்பை மேசைமேல் வைத்தார். "நான்தான் எடுத்தேன். என்னால இனிமே இழுக்க முடியாது. வேணும்னா படகை வித்துக்கோ. இல்லைன்னா சக்கரத்தை என்கிட்ட குடு."

ரோக்கோ ஆப்பை எடுத்தார், பார்த்தார், திரும்பவும் வைத்தார். "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"முப்பத்தோரு வருஷமா முன்னால நின்னு உன்னைத்தானே பார்த்துட்டிருக்கேன். என்னென்ன பண்ணக் கூடாதுன்னு நல்லாத் தெரியும்."

சிரிப்பை அடக்க நான் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ரோக்கோ சிரிக்கவில்லை. கடைசியில், "ஒரு தரம். ஒரே ஒரு தரம்" என்றார்.

ஆப்பைப் போட்டேன், பழைய வின்ச் ஓடியது. என் வியாபாரம் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாதி ஊர் கரையில் நின்றது. பெர்கா சக்கரத்தைப் பிடித்தார், கன்னமெல்லாம் சிவந்திருந்தது. ரோக்கோ குனிந்து பிடியை ஆட்ட ஆரம்பித்தார். பத்து மீட்டர் சங்கிலிக்குச் சட்டை நனைந்தது. இருபதில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

பின்னாலிருந்து கணீரென்று வந்தது: "அங்க என்ன தூங்கறியா?"

கரை முழுவதும் வெடித்துச் சிரித்தது. ரோக்கோ முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு திரும்பினார். "பெர்கா… முப்பத்தோரு வருஷமா இதையா நீ பண்ணிட்டிருந்த?"

"ஆமா. இழு."

படகு ஒரு பக்கமும் உரசாமல் நேராக வெளியே போயிற்று. ரோக்கோ ஓட்டி நான் அப்படிப் பார்த்ததே கிடையாது.

மறுநாள் காலை கடையைத் திறக்க வந்தால், அவர் வாசலில் நிற்கிறார். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையில் வெட்டிய சங்கிலி, சரியாகப் பத்துக் கண்ணி.

"அந்தக் கரண்டு வின்ச் எப்ப வரும்?"

"பெர்கா அக்காவுக்கா அண்ணே?"

"எனக்குத்தான்டி" என்றார் ரோக்கோ. "அவ சக்கரத்தை விட மாட்டேங்கறா."