காயாத மெத்தை

மெத்தை மறுபடியும் நனைந்திருந்தது. என் வீட்டுக்காரரின் கால்மாட்டில் கையை வைத்து அழுத்தினேன். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. மழை விட்ட பிறகும் கூரை மூலையிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது, என்னை வம்புக்கு இழுப்பதுபோல.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஊர் சுற்றலாம் என்று வீட்டை விற்று வாங்கிய கேரவனில், பின்சுவரை ஒட்டிய கட்டில்தான் இப்போது அவருக்கு ஊர், உலகம் எல்லாம். முதுகில் படுக்கைப்புண் வேறு. காலையில் கட்டு மாற்ற வந்த நர்ஸ் மெத்தையைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"புண்ணு காயணும்னா படுக்கை காயணும்மா. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, இவர பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பச் சொல்லிடுவேன். எனக்கு வேற வழியில்ல."

இல்லத்தில் என்னை அவர்கூடத் தங்க விடமாட்டார்கள். பேச்சில்லாத மனுஷன் என்ன கேட்கிறார் என்று அங்கே யாருக்குப் புரியும்? எனக்கே பாதி நேரம் புரிவதில்லை. இடது கையால் தலைமாட்டுப் பக்கம் பின்சுவரை டொக் டொக்கென்று தட்டுவார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாமென்று தலையாட்டுவார். தலையணையைத் திருப்பிப் போட்டாலும் அதே தலையாட்டல். மழை வந்துவிட்டால் போதும், தட்டல் நிற்கவே நிற்காது. "என் உசிர வாங்காதீங்க" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேனோ.

நான் படுக்கும் பக்கம் முழுக்க ஈரம் ஊறிவிட்டதால், நனையாத பாதியில் அவரை ஒதுக்கிப் படுக்க வைத்துவிட்டு, நான் டிரைவர் சீட்டில் சுருண்டு கிடந்தேன்.

ஒழுகும் இடத்தைத் தேடி நான் செய்யாத வேலை இல்லை. பின்பக்க ஏணியில் ஏறி, கூரை ஜன்னலைச் சுற்றி சிலிக்கான் பசையை அப்பினேன். ஒழுகியது. திரும்ப ஏறி ஓரங்களையெல்லாம் அடைத்தேன். முன்னைவிட அதிகமாக ஒழுகியது.

கடைசியில் வண்டி கழுவும் கடை வைத்திருக்கும் என் தம்பி, காற்றடிக்கும் ப்ளோயரோடு வந்தான். ஜன்னல்களை மூடி, சந்துகளில் டேப் ஒட்டி, உள்ளே காற்றை ஏற்றினோம். வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் காற்று வெளியேறி நுரை கொப்பளிக்குமாம்.

கூரை முழுக்கத் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஏணியிலேயே நின்று அழுதேன்.

"விட்டுடுக்கா. நீ ஒருத்தியே எவ்வளவுதான் மல்லுக்கட்டுவ? மாமாவ இல்லத்துலயே சேர்த்துடலாம்."

"வாய மூடுடா" என்றேன். ஆனால் ஒரு நொடி, சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

உள்ளே டொக் டொக்.

ஆத்திரத்தோடு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினேன். "இப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். சுவரைத் தட்டினார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார். தட்டிய இடத்தில் காதை வைத்தேன். உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது. மழை பெய்யும்போதெல்லாம் இதே இடத்தில் தண்ணீர் இறங்குவதைத்தான் மனுஷன் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"டேய், தலைமாட்டுக்கு நேரா வெளிய என்ன இருக்கு?"

"ஏணிதான்க்கா இருக்கு."

ஏணியை இறுக்கியிருந்த மேல் போல்ட்டில் சோப்பைத் தடவியதும் நுரை பொங்கி வழிந்தது. தண்ணீர் அதன் வழியே நுழைந்து, வண்டி சாய்ந்திருந்த பக்கமாகச் சுவருக்குள் கூரையோரமாக ஓடி, கால்மாட்டு மூலையில் சொட்டியிருக்கிறது. நான் ஏற ஏற அந்த ஓட்டை பெரிதாகியிருக்கிறது. ஏறி நிற்கிற ஏணியை யார் சந்தேகப்படுவார்கள்?

தம்பி ஏணியைக் கழற்றி எறிந்துவிட்டு, தகரம் வைத்துப் பசை போட்டு அடைத்தான். நனைந்த மெத்தையைத் தூக்கிவிட்டு அவன் வீட்டு மெத்தையைக் கொண்டுவந்து போட்டான். இதுவும் நனைந்தால் அவ்வளவுதான்.

மழை வெளுத்து வாங்கியது. கூரை மூலைக்குக் கீழே கையை ஏந்தியபடி நின்றேன். கை வலித்தது, சொட்டு விழவில்லை.

அப்போது தட்டும் சத்தம். பாய்ந்து போய்ச் சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார். திரும்பிப் பார்த்தேன்.

தட்டியது சுவரை இல்லை. இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, தனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பாதி மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்.