கடைசிப் பாட்டுக்கு முன்னால்

என் கணவர் ரெஜிஸுடன் நான் எத்தனையோ படங்களுக்குப் போயிருக்கிறேன். ஒன்றின் முடிவையும் தியேட்டரில் பார்த்ததில்லை. அவர் கைலாசபுரத்தில் ஃபாக்டரி ஊழியர். ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் அத்தனை வண்டியும் ஒரே கேட்டில் முண்டும். முந்தினவன் வீட்டில் காபி குடிக்கும்போது பிந்தினவன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். அந்தப் புத்தி தியேட்டருக்கும் வந்துவிட்டது. ஹீரோ ஹீரோயினைத் தேடி ஓட ஆரம்பித்தால் இவர் வண்டியைத் தேடி ஓடுவார். மாதா கோயிலிலும் கதவோரம்தான் உட்காருவார். ஃபாதர் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கும்போது இவர் வண்டி ரோட்டில் இருக்கும்.

நான் ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சர். கூட வேலை பார்க்கும் மைதிலி புதிதாக வந்த ஒரு படத்தை இரண்டாவது தடவையாகப் பார்த்துவிட்டு வந்து ஸ்டாஃப் ரூமிலேயே பாடிக்கொண்டிருந்தாள். பழைய சினிமாப் பாட்டுகளை வைத்தே பின்னிய காதல் காமெடி.

"கடைசிப் பாட்டை மட்டும் விட்டுடாதீங்கோ ஃபெமினா."

"அதான் எனக்குக் கிடைக்காதே. முடிவ நீங்களே சொல்லிடுங்க."

"மாட்டேன். ஆத்துக்காரரோட உக்காந்து பாருங்கோ."

சுருக்கென்றது. முடிவைப் பிறகு டிவியில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அதுவல்ல. காதலர்கள் சேருகிற நேரத்தில் பக்கத்து சீட்டில் என் ஆள் இருக்க வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. சொன்னால் சிரிப்பார் என்று அவரிடம் சொன்னதில்லை.

ஞாயிறு மேட்னிக்குப் போனோம். என்ன படம்! ஹீரோ கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன். ஹீரோயின் மைக்செட் கடைக்காரி. வாய் திறந்து காதலைச் சொல்ல அவனுக்குத் துப்பில்லை. மேடைதோறும் ஒரு பழைய பாட்டை அவளுக்காக வாசிப்பான். அவளோ சவுண்டு சரியில்லை போல என்று ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை அது தனக்குத்தான் என்று நினைத்து வெட்கப்படுவார். ஒவ்வொரு பாட்டும் தொடங்கியதும் தியேட்டரே சேர்ந்து பாடியது. ஒருத்தரையும் கெட்டவராக்காமல், ஒரு அடிதடி இல்லாமல் இவ்வளவு பேரைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியமா? எடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ரெஜிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் ஒரு திருவிழா மேடை. அவள் ஊரைவிட்டே கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அவன் கீபோர்டை விட்டு எழுந்து முதல்முறையாக மைக்கைப் பிடித்தான். ரெஜிஸ் சாவியைக் கையில் எடுத்தபடி எழுந்துவிட்டார்.

"வா ஃபெமி, கூட்டம் வந்துடும்."

"நீங்க போங்க. நான் வரல."

"ஏன், என்னாச்சு?"

"ஒரு தடவையாவது படம் முடியறப்ப நீங்க என் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர் நின்றபடி என்னையே பார்த்தார்.

"சார், மறைக்குது, உக்காருங்க!" என்று பின்வரிசை அம்மா அதட்டினார்.

உட்கார்ந்தார், சீட்டின் நுனியில். திரையில் பாடிக்கொண்டிருந்தவனுக்கு இரண்டாவது வரி மறந்துபோனது. தியேட்டரில் சத்தமே இல்லை. ரெஜிஸ் அந்த வரியை மெல்ல எடுத்துக் கொடுத்தார், ஹீரோவுக்குக் கேட்கும் என்பது போல. சுருதி படுமோசம். நான் திரும்பிப் பார்த்தேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் பாடிக்கொண்டிருந்தது. சாவி பாக்கெட்டுக்குப் போய்விட்டது. காலியான கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். விளக்குகள் எரிந்து எல்லோரும் கைதட்டிய பிறகுதான் எனக்குத் திரை என்று ஒன்று இருப்பதே நினைவு வந்தது.

வெளியே வர ஒரு யுகமானது. ஸ்டாண்டில் எங்கள் வண்டி நட்டநடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ரெஜிஸ் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"கடைசில அந்தப் பொண்ணு செஞ்சதப் பாத்தியா? என்ன பொண்ணுடா சாமி!"

"பாக்கல."

"பாக்கலையா? அதுக்குத்தானே அவ்வளவு அழுத? அப்ப என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

"உங்களத்தான்."

முன்னால் வழி விட்டார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.