கண்காணிக்கப்பட வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு ஆட்கள் இரண்டு சாக்கு மூட்டைகளைத் தூக்கிவந்து ஆய்வுக்கூடத்தின் இரும்பு மேசைமேல் வைத்தார்கள். உள்ளே இருந்தவை ஒடிந்த தண்டவாளத்தின் இரண்டு முனைகள். மூன்று நாட்களுக்கு முன்பு, காலை ஏழு இருபதுக்கு, அந்த ஒடிவின்மேல் ஒரு பயணிகள் ரயில் தடம் புரண்டு ஒன்பது பேர் இறந்துபோயிருந்தார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க நின்ற ஆள் “அக்கா, இங்க ஒரு கையெழுத்து” என்று இரண்டு தடவை சொன்னான். அவள் அதற்குள் சாக்கை விலக்கி ஒடிந்த முகத்தைப் பார்த்துவிட்டிருந்தாள். தண்டவாளத்தின் தலைப்பகுதிக்குள், மேல்பரப்பிலிருந்து ஒரு விரற்கடை ஆழத்தில், புறா முட்டை அளவுக்கு ஒரு வட்டம். வெள்ளிபோலப் பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றிலும் கரகரப்பான சாம்பல் நிறம். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதிப் பாதிக்காகத் தண்டவாளத்தைப் புரட்டச் சொல்லி, அதன் பக்கவாட்டில் சூட்டோடு குத்தப்பட்டிருந்த வார்ப்பு எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தாள். இரண்டு, ஏழு, நான்கு, பூஜ்யம், ஒன்பது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

உலோகப் பொறியாளராக அவள் அந்தக் கூடத்துக்கு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. ரயிலில் எது உடைந்தாலும் அவளிடம் வரும். அச்சு, சக்கரம், வில், மரை கழன்ற போல்ட், எல்லாம். கூடத்து ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவளைப் ‘போஸ்ட்மார்ட்டம் அக்கா’ என்பார்கள், அது அவளுக்கும் தெரியும். இரும்பு ஒரு நொடியில் உடைவதாக ஊர் நினைக்கிறது. அது அப்படி உடைவதில்லை. ஒவ்வொரு சக்கரம் ஏறி இறங்கும்போதும் உள்ளுக்குள் ஒரு மயிரிழை விலகும். வருடக்கணக்காக விலகும். கடைசிச் சக்கரம் பழியை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நாத்தனார் கேட்டாள்: “உடைஞ்சத ஒட்டுவீங்களா அண்ணி?” “இல்ல, ஏன் உடைஞ்சதுன்னு எழுதுவேன்.” “எழுதி?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அந்த எண் அவளுக்குப் புதிதல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன், ஒரு சரக்கு முற்றத்தில் இதே எண் குத்திய தண்டவாளம் ஒன்று விரிசல் கண்டது. ஆளுக்குச் சேதமில்லை. அவள் அதை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்துப் பார்த்தபோது உள்ளே மயிர் மயிராக வெடிப்புகள். உருக்கும்போது எஃகுக்குள் சிக்கிய வாயு வெளியேற வேண்டுமானால், வார்த்த தண்டவாளங்களை மூடிய குழிக்குள் நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். ஆலையில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். ஒரே உருக்கில் பிறந்தவை மொத்தம் நூற்று எண்பத்தாறு. ஒன்றுக்கு இருக்கும் நோய் எல்லாவற்றுக்கும் இருக்கும். ‘இந்த எண் கொண்ட தண்டவாளங்கள் அனைத்தும் பாதையிலிருந்து அகற்றப்பட வேண்டும்’ என்று அறிக்கையின் கடைசி வரியை எழுதி அப்போதைய இயக்குநரிடம் கொண்டுபோனாள்.

அவர் கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஒண்ண வச்சு நூத்தி எண்பத்தாறையும் பிடுங்கச் சொல்றீங்க?” என்றார்.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் சார்.”

“அது சமையல்ல. இங்க புள்ளிவிவரம் கேப்பான். ‘கண்காணிக்கப்பட வேண்டும்’னு போடுங்க. பொருள் ஒண்ணுதான்.”

அவர் மேசைமேல் இன்னொரு கோப்பும் இருந்தது. பதினொரு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான கோப்பு. அவர் அதைத் தொடவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பார்த்தது அவள்தான். அறைக்குத் திரும்பி வந்து அந்த ஒற்றைச் சொல்லைத் தன் கையாலேயே மாற்றினாள். ஒரு மாதிரியை வைத்து முடிவெடுப்பது விஞ்ஞானம் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போது அதை நம்பவும் செய்தாள். நான்கு மாதத்தில் நுண்ணோக்கி வந்து சேர்ந்தது.

இப்போது அதன் அடியில்தான் அந்தப் புறா முட்டையை வைத்துப் பார்த்தாள். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது வருடமும் அதில் இருந்தது.

வீட்டில் கணவர் காத்திருந்தார். நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். தினமும் அவள் செருப்பைக் கழற்றும்போதே “இன்னைக்கு எந்தப் பொணம்?” என்று கேட்பது அவர் வழக்கம். அன்று கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, “அந்தப் பாதையைப் பாத்துக்கற கேங்மேனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாம், செய்தியில போட்டான்” என்றார். “வண்டி வர்றதுக்கு அரை மணி முன்னாடி அந்த ஆள்தான் அந்த வழியா நடந்து போயிருக்கான். ஒண்ணும் தெரியலைன்னு சொல்றானாம்.”

“தெரியாது.”

“எப்படி?”

“உள்ளுக்குள்ளேயே இருந்த விரிசல். வெளிய வந்திருந்தா காத்துப் பட்டுக் கறுத்துப்போயிருக்கும். அது பளபளன்னு இருக்கு.”

“அப்ப அதைச் சொல்லிடு.”

அவள் எழுந்து கை கழுவப் போனாள். குழாயை மூட வெகுநேரம் ஆயிற்று.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் கேங்மேன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், இஸ்திரி போட்ட சீருடைச் சட்டை, முழங்கால்மேல் இரண்டு உள்ளங்கைகளும். இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆறு கிலோமீட்டரைத் தினமும் நடந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, கழன்ற ஆணியை முடுக்கி வந்தவர். அவள் வெள்ளி வட்டத்தைப் பற்றிச் சொன்னாள். படங்களைக் காட்டினாள். கண்ணாலும் சுத்தியலாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஒலி அலைக் கருவி ஒன்றுதான் வழி என்றாள். அந்தப் பாதைப் பிரிவின் கருவி பதினாலு மாதமாகப் பழுது என்று யாரோ சொன்னார்கள். அது வேறு குழுவின் விஷயம் என்று வேறு யாரோ சொன்னார்கள். குழுத் தலைவர் ஒரு பழைய தாளைக் கையில் எடுத்தார்.

“ஒன்பது வருஷம் முன்னாடி உங்க கூடம் கொடுத்த அறிக்கை. ‘இத்தண்டவாளங்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும்.’ இது பிரிவுக்கு வந்து, கேங் வரைக்கும் சுற்றறிக்கையாப் போயிருக்கு. இவர் படிச்சுக் கையெழுத்தும் போட்டிருக்கார்.” பெஞ்சைப் பார்த்து, “போட்டீங்களா இல்லையா?” என்றார்.

“போட்டேன் சார்” என்றார் கேங்மேன்.

“அப்ப கண்காணிக்கிறது உங்க பொறுப்பு. பண்ணலை.”

அந்தச் சொல் யாருக்கும் கெடுதல் செய்யாத சொல் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அலமாரியில் தூங்குகிறது என்று நினைத்திருந்தாள். அது படியிறங்கி, பிரிவு பிரிவாகக் கைமாறி, கடைசியில் சுத்தியல் பிடிக்கிறவன் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது.

“நான் முதல்ல எழுதினது அது இல்ல” என்றாள். பையிலிருந்து பழுப்பேறிய வரைவை எடுத்து நீட்டினாள். “‘அகற்றப்பட வேண்டும்’னு எழுதியிருந்தேன்.”

தலைவர் வாங்கிப் பார்த்தார். “இதுல கையெழுத்து இல்லையே.”

“வரைவு.”

“யாராவது உங்களை மாத்தச் சொல்லி வற்புறுத்தினாங்களா?”

பழைய இயக்குநர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆமாம் என்று சொன்னால் மறுக்க ஆளில்லை.

“இல்ல. நான்தான் மாத்தினேன். அப்பவே கழட்டியிருந்தா ஒன்பது பேரும் இருந்திருப்பாங்க. இதை எழுதிக்கோங்க.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் பேனாவை மூடி மேசையில் வைத்தார். “இதெல்லாம் பதிவுல வேணாம்மா” என்றார், உண்மையான கனிவோடு. “ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. ஒரு சோதனை, ஒரு கருத்து. விதிப்படி நீங்க செஞ்சது சரிதான்.” வரைவை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. கேங்மேன் வேலையிலிருந்து நீக்கம். அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மீதியுள்ள நூற்று எண்பத்து நான்கு தண்டவாளங்கள் அடுத்த முறை பாதை புதுப்பிக்கப்படும்போது மாற்றப்படும், அதுவரை கண்காணிக்கப்பட வேண்டும். விபத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் போட்டிருந்த வேகக் கட்டுப்பாடும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவள் மேலிடத்துக்கு நான்கு கடிதம் எழுதினாள். கிணற்றில் போட்ட கல்.

“பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க” என்றார் கணவர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவள் செருப்பைக் கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்துக் கொடுத்தார்.

அவள் கேங்மேனைப் பார்க்கப் போனபோது அவர் ரயில்வே குடியிருப்பைக் காலிசெய்துகொண்டிருந்தார். வாசலில் கட்டில் நிமிர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மனைவி பாத்திரங்களைப் பழைய சேலையில் கட்டிக்கொண்டிருந்தவள், வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். அவர் மட்டும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறுக்கிட்டார்.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் காலைல நான் தட்டிப் பாத்தேன். சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு. எனக்குக் காது போயிடுச்சா?”

“இல்ல. காது நல்லா இருக்கு. அந்த விரிசல் தட்டினாக் கேக்காது.”

அவர் முகம் தெளியும் என்று அவள் எதிர்பார்த்தாள். தெளியவில்லை. கட்டிலின் காலைப் பார்த்தபடி நின்றார்.

“அப்ப இருபத்திரண்டு வருஷம் எதைக் கேட்டுக்கிட்டு நடந்தேன்?” என்றார்.

பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், “நீங்க கழட்டச் சொல்லியிருந்தாக் கழட்டியிருப்போம்மா” என்றார். “எங்க பக்கம் முப்பத்தெட்டுத்தான் இருந்திருக்கும். ரெண்டு நாள் வேலை.”

அந்த முப்பத்தெட்டில் மிச்சம் எங்கெங்கே கிடக்கின்றன என்று காட்ட முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கட்டைக்குக் கட்டை அளந்து வைத்தாற்போல அவர் கால்கள் விழுந்தன. அவள் கல்லில் இடறி இடறிப் பின்னால் போனாள். துருவும் எண்ணெய்க் கறையும் படிந்த பக்கவாட்டை அவர் செருப்பு நுனியால் காட்டுவார், அவள் குனிந்து துடைத்துப் படிப்பாள். இரண்டு, ஏழு, நான்கு, பூஜ்யம், ஒன்பது. நூறடி தள்ளி இன்னொன்று. வளைவில் அடுத்தடுத்து மூன்று. மேலே ரயில்கள் தேய்த்துப் போன தடம் கண்ணாடியாக மின்னியது. ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. பன்னிரண்டாவதை அவள் படித்துக்கொண்டிருந்தபோது அவர் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

மாலை வண்டி வந்தது. ஜன்னல்கள் நிறைய ஆட்கள். ஒருத்தி தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள், ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சக்கரம் ஏறியபோதும் தண்டவாளம் ஒரு நூலளவு கீழே போய் மேலே வந்தது. கேங்மேன் சாதாரணச் சட்டையில், கையில் கொடியும் இல்லாமல், பாதையோரம் நேராக நின்றுகொண்டிருந்தார். இன்ஜின் கடந்தபோதே, எல்லாம் சரி என்று காட்டும் விதமாக அவர் வலது கை தானாக உயர்ந்திருந்தது. டிரைவரும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பதிலுக்குக் காட்டிவிட்டுப் போனார். கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை.