வடக்கத்திக் காட்டுப் படங்கள்

சுந்தரவல்லி காலையிலிருந்து தி. நகர் வீட்டின் வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். வடக்கே ஒரு காட்டுப் பகுதியின் பழைய படங்களைத் திரட்டும் ஆவணக் காப்பகத்திலிருந்து ஆள் வருகிறார். அந்தக் காட்டில் மர டிப்போ கணக்கராக இருந்த அவள் அப்பா, ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தவர். அறுபத்தெட்டில் அணை கட்டி, அந்த ஊர்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. அச்சுப் போட்ட படங்களைக் கரையான் தின்றுவிட்டது. கண்ணாடித் தகட்டில் படம் கறுப்பாகப் படிந்திருக்கும் நெகடிவ்கள் மட்டும் ஒரு மரப்பெட்டியில் தப்பிக் கிடந்தன.

"வர்றவரு முன்னாடி மானம் போகக்கூடாது. பெட்டியில பொட்டு அழுக்கு இருந்துச்சு, உன்னைத் தொலைச்சுப்புடுவேன்" என்று தம்பி மனைவி தங்கத்தை விடியும்போதே கடித்துக் குதறியிருந்தாள்.

வந்தவர் தமிழர்தான். காபியைக்கூடத் தொடவில்லை. "அந்த ஊர்க்காரங்களே இந்தப் படத்துக்காகத்தாம்மா காத்துக்கிட்டிருக்காங்க" என்றார்.

தங்கம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் விரல்கள் வெந்து சிவந்திருந்தன. சுந்தரவல்லி அவற்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கையில என்னடி?"

"சுடுதண்ணி மதினி. கண்ணாடி பூரா கறுப்பா அப்பிக்கிடந்துச்சு. சோடா உப்பு போட்டு ஊறவெச்சு, ஒவ்வொண்ணாத் தேய்ச்சு எடுத்தேன்."

சொல்லிவிட்டு, ஒரு நல்ல வார்த்தைக்காக மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்தவர் ஒரு கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்தார். அதற்கு அந்தப் பக்கம் அவருடைய கண்கள் கலங்குவது சுந்தரவல்லிக்குத் துல்லியமாகத் தெரிந்தது.